யார்க் நகரில் ஒரு நாள்: தேவாலயம், சாக்லெட், 21 ஷில்லிங் 8 பென்ஸ்

பிள்ளைகளின் பட்டமளிப்புக்காக இங்கிலாந்து போகும் நம்மவர்கள் பெரும்பாலும் லண்டனைச் சுற்றிப் பார்ப்பார்கள். மான்செஸ்டரில் பந்து மைதானத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஊர் திரும்பிவிடுவார்கள். கையில் இன்னும் ஒரு நாள் இருந்தால் வட இங்கிலாந்தில் உள்ள யார்க் நகருக்குப் போய் வரலாம். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து விரைவு இரயிலில் ஏறக்குறைய 2 மணி நேரம். லீட்ஸ் நகரிலிருந்து புறப்பட்டால் அரை மணி நேரம்தான்.

பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு பேர் அண்மையில் லீட்ஸிலிருந்து கிளம்பி ஒரே நாளில் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தோம். எங்களில் ஒருத்தி அங்கே முதுகலை படிக்கிறாள். இன்னொருவன் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்.

யார்க் என்றதும் சுற்றுலாக் கையேடுகள் சொல்வது பழைய தேவாலயம், கோட்டை மதில், குறுகலான கடைத்தெரு ஆகியவற்றைத்தான். அவை பார்க்க வேண்டியவைதாம். ஆனால், கூலி வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கிய குடும்பங்களிலிருந்து போகும் நாம் தெரிந்துகொள்ள அங்கே இன்னொரு வரலாறும் உண்டு. ஒரு தொழிலாளிக் குடும்பம் உயிரோடும் உடல் வலுவோடும் இருக்க வாரத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த ஊர் அது.

நான்கு பெயர் கொண்ட ஊர்

கி.பி. 71-ஆம் ஆண்டு வாக்கில் ரோமானியப் படை இங்கே கோட்டை கட்டியது. அவர்கள் வைத்த பெயர் எபோராகம். 306-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் இந்த ஊரில்தான் பேரரசராக அறிவிக்கப்பட்டார். அவருடைய சிலை தேவாலயத்தின் பக்கத்தில் இருக்கிறது. ரோமானியர்களுக்குப் பின் வந்த ஆங்கிலோ சாக்சன் மக்கள் ஊரை எயோபோர்விக் என்று அழைத்தார்கள். 866-இல் வைக்கிங் படையினர் ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் வாயில் அது யோர்விக் ஆகி, பின்னர் யார்க் ஆனது.

வைக்கிங் மொழியின் மிச்சம் இன்றும் தெருப் பெயர்களில் இருக்கிறது. ஸ்டோன்கேட், காப்பர்கேட் என்று பல தெருக்கள் ‘கேட்’ என்று முடியும். அது வாசலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அன்று. தெரு என்று பொருள்படும் வைக்கிங் சொல். மதிலின் வாசல்களுக்கோ ‘பார்’ என்று பெயர். மிக்கல்கேட் பார் என்ற பலகையைப் பார்த்து மதுக்கடை என்று நினைத்துவிட வேண்டாம்.

நகரைச் சுற்றியுள்ள மதிலின் நீளம் ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர். அதன் மேலேயே நடக்கலாம், கட்டணம் இல்லை. முழுவதும் நடக்க 2 மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

கல்லில் நிற்கும் நினைவுகள்

யார்க் மின்ஸ்டர் தேவாலயத்தின் கட்டுமானம் 1220-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, 1472-இல் நிறைவெய்தியது. இடையில் 250 ஆண்டுகள், பத்துத் தலைமுறைக் கொத்தனார்கள். அதன் கிழக்குப் பக்கத்தில் உள்ள பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவுக்கு இருக்கும். அதை 1405-க்கும் 1408-க்கும் இடையில் செய்தவர் ஜான் தோர்ன்டன். அவருக்குப் பேசிய கூலியும் பதிவில் இருக்கிறது: வாரத்துக்கு 4 ஷில்லிங், ஆண்டு முடிவில் தனித் தொகை, 3 ஆண்டுகளில் முடித்துக் கொடுத்தால் 10 பவுண்டு வெகுமதி. மொத்தம் 56 பவுண்டு.

அங்கிருந்து சிறிது நேர நடையில் ஷாம்பிள்ஸ் தெரு. ஒரு காலத்தில் இறைச்சிக் கடைக்காரர்களின் தெரு இது. மேல்மாடிகள் முன்னே துருத்திக்கொண்டு, எதிரெதிர் வீட்டுக்காரர்கள் கையை நீட்டினால் தொட்டுக்கொள்ளலாம் போலிருக்கும். இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் சில கடைகளின் முகப்பில் இன்றும் இருக்கின்றன.

தெற்கே போனால் ஒரு மேட்டின் மேல் கிளிஃபர்ட் கோபுரம். 1190 மார்ச்சில், அப்போது அங்கிருந்த மரக் கோபுரத்தில் யார்க்கின் யூதர்கள் அடைக்கலம் புகுந்தார்கள். வெளியே கொலைவெறிக் கூட்டம் சூழ்ந்து நின்றது. பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். வெளியே வந்தவர்களைக் கூட்டம் கொன்றது. இறந்தவர்கள் ஏறக்குறைய 150 பேர் என்று கணிக்கப்படுகிறது. இன்று நிற்கும் கற்கோபுரம் அதற்குப் பின் கட்டப்பட்டது. மேட்டின் அடியில் அந்தக் கொடுமையைச் சொல்லும் நினைவுக் கல் இருக்கிறது.

பேரரசருக்குச் சிலை, சமயத்துக்குத் தேவாலயம், கொல்லப்பட்டவர்களுக்கு நினைவுக் கல். இந்த ஊரின் தொழிலாளர் வறுமையோ கல்லில் இல்லை, எண்களில் இருக்கிறது. அந்த எண்கள் எப்படி வந்தன என்று புரிந்துகொள்ள, முதலில் சாக்லெட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாக்லெட் செய்த குடும்பம்

நம் ஊர்க் கடைகளில் பிள்ளைகள் கேட்டு வாங்கும் கிட்கேட், யார்க்கில் பிறந்தது. ரவுன்ட்ரீ நிறுவனம் 1935-இல் அதை வேறொரு பெயரில் விற்கத் தொடங்கி, 1937-இல் கிட்கேட் என்று மாற்றியது. 1988-இல் நெஸ்லே அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இதே ஊரில் டெர்ரீஸ் என்ற இன்னொரு சாக்லெட் நிறுவனமும் இருந்தது. அதன் தொழிற்சாலை 2005-இல் மூடப்பட்டது.

ஹென்றி ரவுன்ட்ரீ 1862-இல் ஒரு சிறிய கொக்கோ வணிகத்தை வாங்கினார். 1869-இல் அண்ணன் ஜோசப் அவருடன் சேர்ந்த பிறகு தொழில் வளர்ந்து, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் தொழிற்சாலையானது. இக்குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். மதுவை விலக்கியவர்கள். எளிய வாழ்வையும் சமூகப் பணியையும் கடமையாகக் கொண்டவர்கள்.

ஜோசப்பின் மகன் சீபோம் ரவுன்ட்ரீ, 1871-இல் பிறந்தவர். அப்பாவின் தொழிற்சாலையில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் சார்ல்ஸ் பூத் என்பவர் லண்டனில் ஆய்வு செய்து, அங்கே பத்தில் மூவர் வறுமையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். ‘லண்டன் பெரிய பட்டணம், அங்கே அப்படித்தான் இருக்கும்’ என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். ‘நம் ஊரில் எப்படி?’ என்று கேட்டார் சீபோம்.

கதவைத் தட்டி எடுத்த கணக்கு

1899-இல் கணக்கெடுப்பு தொடங்கியது. வேலைக்காரர் வைத்துக்கொள்ளாத தொழிலாளர் குடும்பங்கள் அத்தனையையும் பார்ப்பது என்று முடிவு. மாதிரிக்குச் சில வீடுகளைப் பார்த்துவிட்டு ஊர் முழுவதற்கும் கணக்குச் சொல்லும் வேலை இது அன்று. விசாரிப்பவர்கள் 11,560 குடும்பங்களின் விவரங்களைத் திரட்டினார்கள். அவற்றில் இருந்தவர்கள் 46,754 பேர். நகர மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

ஒரு வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, வாடகை எவ்வளவு, குடும்பத் தலைவருக்கு என்ன வேலை, தண்ணீர்க் குழாயையும் கழிப்பிடத்தையும் எத்தனை வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று எல்லாம் குறிக்கப்பட்டன. ஊரின் ஏழ்மைமிக்க பகுதியில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று முதல் பிறந்தநாளைக் காணவில்லை.

அந்த ஏழைப் பகுதிகளில் ஒன்று ஹன்கேட். ஷாம்பிள்ஸ் தெருவிலிருந்து சில நிமிட நடை. பழைய குடியிருப்புகள் 1930-களில் இடிக்கப்பட்டன. இன்று அங்கே புதிய அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

21 ஷில்லிங் 8 பென்ஸ்

வறுமை என்றால் என்ன என்பதற்குச் சீபோம் ஓர் அளவு வைத்தார். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு உடல் இயங்குவதற்கு மட்டும் என்ன வேண்டும்? உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ். வாடகைக்கு 4 ஷில்லிங். துணி, விளக்கு, அடுப்புக்கரி முதலியவற்றுக்கு 4 ஷில்லிங் 11 பென்ஸ். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங் என்ற கணக்கில், வாரத்துக்கு மொத்தம் 21 ஷில்லிங் 8 பென்ஸ்.

இது எவ்வளவு இறுக்கமான கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். கசாப்புக் கடை இறைச்சிக்கு அதில் இடம் இல்லை. இரயில் பயணம் இல்லை. நாளிதழ் இல்லை. ஊரில் இருக்கும் உறவினருக்குக் கடிதம் போடத் தபால்தலைக்குக் காசு இல்லை. பிள்ளைக்கு மிட்டாய் இல்லை, அப்பாவுக்குப் புகையிலை இல்லை. சங்கத்துக்குச் சந்தாவும் இல்லை. வேண்டுமென்றேதான் அவர் இப்படிக் கணக்குப் போட்டார். ‘தாராளமாகக் கொடுத்துவிட்டு வறுமை என்கிறாய்’ என்று யாரும் குறை சொல்லக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அப்போது யார்க்கில் தொழில் தெரியாத கூலிக்காரர் ஒருவருக்குக் கிடைத்த வாரச் சம்பளம் பொதுவாக 18 முதல் 21 ஷில்லிங். அதாவது, ஒரு நாள் விடாமல் வேலைக்குப் போனாலும் அந்தக் கோட்டை எட்ட முடியாது.

எங்கள் கெடா நண்பன் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “இது நம்ப தோட்டத்துக் கதை மாதிரியே இருக்கே. எங்க பாட்டி சம்பள நாளன்னிக்கு முதல்ல கடைக் கணக்கத்தான் கட்டுவாங்க. மிச்சம் எவ்வளவுன்னு கேட்டா சிரிப்பாங்க.”

பழி யார் மேல்?

கணக்கை முடித்தபோது யார்க்கில் 20,302 பேர் வறுமையில் இருந்தார்கள். நகரின் மொத்த மக்கள்தொகையில் 27.84 விழுக்காடு. இவர்களைச் சீபோம் இரண்டாகப் பிரித்தார். வருமானமே அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் முதல் வகை, இவர்கள் 9.91 விழுக்காடு. வருமானம் கோட்டைத் தொட்டும், ஏதோ ஒரு செலவில் பணம் கரைந்து வீட்டில் பற்றாக்குறை தெரிபவர்கள் இரண்டாம் வகை, இவர்கள் 17.93 விழுக்காடு.

இரண்டாம் வகையை விசாரிப்பவர்கள் வீட்டின் நிலையைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். ஆய்வின் இந்தப் பகுதியைப் பிற்கால அறிஞர்கள் குறை கூறியதுண்டு. முதல் வகையின் கணக்கோ சம்பளத்தையும் விலைவாசியையும் அடிப்படையாகக் கொண்டது.

‘குடிக்கிறார்கள், சூதாடுகிறார்கள், சோம்பேறிகள், அதனால்தான் ஏழைகள்’ என்பதுதான் அன்றைய பணக்காரர்களின் பேச்சு. நம் காதிலும் விழுந்த பேச்சுதான் இது. முதல் வகை வறுமைக்கு என்ன காரணம் என்று சீபோம் பிரித்துப் பார்த்தார். வேலையில்லாமல் இருந்தவர்களின் குடும்பங்கள் 2.31 விழுக்காடு மட்டுமே. சம்பாதிப்பவர் இறந்துபோனதால் வறுமைக்கு வந்தவர்கள் 15.63 விழுக்காடு. நான்குக்கு மேல் பிள்ளைகள் உள்ளதால் 22.16 விழுக்காடு. ஒழுங்காக வேலைக்குப் போயும் சம்பளம் குறைவாக இருந்ததால் வறுமையில் கிடந்தவர்கள் 51.96 விழுக்காடு.

பாதிக்கு மேற்பட்டவர்கள் உழைத்துக்கொண்டே ஏழைகளாக இருந்தார்கள். இதைச் சொன்னவர் தொழிற்சங்கத் தலைவர் அல்லர், முதலாளியின் மகன். குடியும் சூதாட்டமும் பல வேளைகளில் அந்த வாழ்க்கை நிலையிலிருந்தே பிறக்கின்றன என்றும் அவர் எழுதினார்.

ஒரே வாழ்வில் மூன்று முறை

இன்னொன்றையும் அந்த ஆய்வு கண்டுபிடித்தது. தொழிலாளியின் வாழ்வில் வறுமை மூன்று முறை வருகிறது. குழந்தையாக இருக்கும்போது முதல் முறை. மூத்த பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கியதும் வீடு சற்று மூச்சு விடும். திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்ததும் இரண்டாம் முறை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனதும் மீண்டும் சில நல்ல ஆண்டுகள். பிள்ளைகள் தனிக் குடித்தனம் போய், உடலும் ஓய்ந்த பிறகு மூன்றாம் முறை.

கணக்கெடுத்த ஒரு நாளில் கோட்டுக்கு மேலே நிற்பவரும், தம் வாழ்நாளில் அதற்குக் கீழே இருந்தவராகவோ இனிமேல் விழப் போகிறவராகவோ இருக்கலாம். ஆகவே, ஓர் ஆண்டின் புள்ளிவிவரம் காட்டுவதைவிட வறுமையைத் தொட்டு வந்தவர்களின் தொகை பெரிது.

1901-இல் ஆய்வு நூலாக வந்தது. அப்போது இளம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதைப் படித்துக் கலங்கினார். பின்னாளில் பிரதமரான லாய்ட் ஜார்ஜ், சீபோமின் நண்பரானார். ரவுன்ட்ரீ நிறுவனம் 1906-இல் தன் தொழிலாளர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. பிரிட்டிஷ் அரசு 1909 ஜனவரி முதல் நாளிலிருந்து, வசதியற்ற 70 வயது முதியவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கொடுக்கத் தொடங்கியது. ஒரு நூலால் மட்டும் இது நடக்கவில்லை. ஆனால், ‘ஏழ்மை அவனவன் தப்பு’ என்று சொல்லி வாயை அடைப்பது அதற்குப் பின் எளிதாக இல்லை.

அப்பா ஜோசப், நகருக்கு வடக்கே நியூ இயர்ஸ்விக் என்ற குடியிருப்பை 1902-இல் கட்டத் தொடங்கினார். வெளிச்சமும் காற்றும் வரும் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தோட்டம், அதில் பழமரங்கள். நிறுவனத்தின் தொழிலாளர்களுக்கு மட்டும் என்று ஒதுக்காமல் மற்றவர்களுக்கும் அது திறந்திருந்தது. இன்றும் மக்கள் அங்கே வாழ்கிறார்கள்.

கணக்கில் வராதவர்கள்

இதையெல்லாம் பார்த்து முதலாளியைப் புகழ்ந்துவிட்டு வந்துவிட முடியாது. சாக்லெட்டுக்கு வேண்டிய கொக்கோ யார்க்கில் விளைவதில்லை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், போர்த்துகலின் ஆட்சியில் இருந்த சாவோ தோமே தீவிலிருந்து பிரிட்டிஷ் நிறுவனங்கள் கொக்கோ வாங்கின. அங்கே தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். பெயருக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள். உண்மையில் ஊர் திரும்ப வழியில்லாத அடிமைகள். கேட்பரி, ஃப்ரை, ரவுன்ட்ரீ ஆகிய நிறுவனங்கள் 1909-இல்தான் அந்தத் தீவின் கொக்கோவைப் புறக்கணித்தன. இந்தச் செய்தி பிரிட்டனை எட்டிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

யார்க்கின் 11,560 குடும்பங்களுக்கு உணவுச் செலவு, வாடகை, குழாய் என்று துல்லியமான கணக்கு இருக்கிறது. கொக்கோத் தோட்டத்தில் குனிந்து நின்றவர்களின் வீட்டுக் கதவை அப்படி யாரும் தட்டவில்லை. மலாயாவுக்கு இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் கட்டிக் கொண்டுவரும் முறை 1910-இல் முடிவுக்கு வந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே காலத்துக் கதைகள்.

கோடு எங்கே போடப்படுகிறது?

சீபோம் தம் கோட்டைத் தாமே உயர்த்தினார். 1936-இல் யார்க்கில் மறுபடியும் கணக்கெடுத்தபோது நாளிதழ், வானொலி, சங்கச் சந்தா போன்றவற்றையும் தேவைகளில் சேர்த்தார். மனிதனுக்கு வயிறு மட்டும் போதாது என்று ஏற்றுக்கொண்டார்.

நம் நாட்டிலும் இது நடந்தது. 2020-இல் அரசாங்கம் குடும்பங்களின் வறுமைக்கோட்டு வருமானத்தை மாதம் 980 வெள்ளியிலிருந்து 2,208 வெள்ளிக்கு உயர்த்தியது. பழைய கணக்கில் 2016-இல் நாட்டின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு. புதிய முறையில் அதே ஆண்டைக் கணக்கிட்டால் 7.6 விழுக்காடு. அந்த வேறுபாட்டில் இருந்த குடும்பங்கள் திடீரென்று ஏழைகளாகவில்லை. முன்பும் அப்படித்தான் இருந்தார்கள், கோடு தாழ்வாக இருந்ததால் கணக்கில் தெரியவில்லை. அடுத்த முறை செய்தியில் வறுமை விகிதம் குறைந்தது என்று படிக்கும்போது, கோடு எத்தனை வெள்ளியில் போடப்பட்டது என்றும் பாருங்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

இரயில் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை குறையும். காலையில் மதில் நடை, மின்ஸ்டர், ஷாம்பிள்ஸ் என்று முடித்துக்கொள்ளலாம். மின்ஸ்டருக்குள் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. இரயில் நிலையத்தின் அருகில் உள்ள தேசிய இரயில்வே அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. நீராவி இரயில்களில் உலகச் சாதனை படைத்த மல்லார்ட் அந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. 1938-இல் அது மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

பிற்பகலில் ஹன்கேட் பக்கம் ஒரு நடை போய்விட்டு, நியூ இயர்ஸ்விக்குக்குப் பேருந்தில் போகலாம். நேரம் இல்லையென்றால், ஊஸ் ஆற்றின் ஓரமாக உள்ள ரவுன்ட்ரீ பூங்காவாவது பாருங்கள். முதல் உலகப் போரில் இறந்த நிறுவனத் தொழிலாளர்களின் நினைவாக 1921-இல் ஊருக்குக் கொடுக்கப்பட்டது அது. டிசம்பரில் போகிறவர்கள் சீக்கிரம் கிளம்புங்கள், மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

நம் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்ட இடத்தில் பெயர்ப்பலகைகூட இல்லை. ஆனால் பல வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டிக்குள் தாத்தாவின் சம்பளச் சீட்டு, பாட்டியின் கடைக் கணக்குப் புத்தகம், சங்கச் சந்தா ரசீது ஏதேனும் கிடக்கும். ஒரு மாதச் சம்பளம் எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு போனது, கையில் என்ன நின்றது என்று அவை சொல்லும். வீடு மாறும்போது அவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எடுத்து வைத்து, பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து விவரம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.